தாழ் சர்க்கரையும் ஒரு பிடி இனிப்பும்

நோய்க்கு நாம் இட்ட பெயரே சில வேளைகளில் நோயாளிக்குப் பகையாகி விடுகிறது. நீரிழிவு, மதுமேகம் ஆகிய பழம்பெயர்கள் ஏட்டில் இருக்க, மக்கள் வழக்கில் நிலைத்தது ‘சர்க்கரை’ என்னும் ஒற்றைச் சொல்லே. ‘அவருக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்றால் அது நோய். ‘சர்க்கரையைத் தொடாதே’ என்றால் அது மருத்துவம். இவ்விரு தொடர்களையும் கேட்டுப் பழகிய வீட்டில், இன்சுலின் போட்டுக்கொண்ட முதியவர் ஒருவர் உணவு பிந்தியதால் வியர்த்து, நடுங்கி, நாக்குழறி உட்கார்ந்திருக்கிறார் என்று கொள்வோம். கைக்கெட்டும் தொலைவில் சர்க்கரை டப்பா இருந்தும் அதைத் திறக்க உறவினர் தயங்குகின்றனர். அவர் உயிரைக் காக்கும் மருந்து அந்த டப்பாவில்தான் இருக்கிறது. இது நேற்றுக் கண்டறிந்த உண்மையும் அன்று. இன்சுலின் பிறந்த ஆய்வுக்கூடத்திலேயே, இன்சுலினோடு உடன்பிறந்த உண்மை அது.

அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1921ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் பிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் கணையச் சாற்றை ஆராயத் தொடங்கினர். ஆண்டின் இறுதியில் ஜேம்ஸ் காலிப் என்னும் உயிர்வேதியியலாளர் அவர்களோடு சேர்ந்தார். சாற்றைத் தூய்மை செய்வது அவர் பொறுப்பு. எடுத்த சாறு எவ்வளவு வலிமை உடையது என்று அறிய அவர் அதை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். முயல்களின் இரத்தச் சர்க்கரை குறைந்தது. அளவு மீறிக் குறைந்தபோது அவை வலிப்புற்று, உணர்விழந்து வீழ்ந்தன. குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தியதும் மீண்டும் எழுந்தன. இன்சுலினின் ஆற்றலும், அதன் ஆபத்தும், அவ்வாபத்துக்கான மாற்றும் ஒரே முயற்கூண்டில் வெளிப்பட்டன எனலாம்.

இதில் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இன்று நாம் ‘பத்து யூனிட்’, ‘இருபது யூனிட்’ என்று சொல்கிறோமே, அந்த யூனிட் என்னும் அளவே இம்முயல்களிடமிருந்து வந்ததுதான். 24 மணி நேரம் பட்டினி கிடந்த, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள முயலின் இரத்தச் சர்க்கரையை, வலிப்புத் தோன்றும் நிலையாகிய 45 மில்லிகிராமுக்கு (100 மில்லிலிட்டர் இரத்தத்தில்) இறக்கும் இன்சுலினே தொடக்கத்தில் ஒரு யூனிட் எனப்பட்டது. மனிதர்க்கு அது மிகுதி என்று கண்டு பின்னர் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தனர். ஆக, இன்சுலினை அளக்கும் கோலே தாழ் சர்க்கரையின் மீது நடப்பட்டது.

1922 ஜனவரி 11ஆம் நாள், லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு டொராண்டோ பொது மருத்துவமனையில் முதல் ஊசி போடப்பட்டது. அது பெரிதாகப் பயன் தரவில்லை. காலிப் தூய்மை செய்த சாறு ஜனவரி 23 முதல் செலுத்தப்பட்டபோதுதான் சிறுவன் தேறினான். அவ்வாண்டிலேயே வால்டர் கேம்பெல், ஆல்மன் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் இருவர், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் தோன்றிய புதிய குறிகளை எழுதி வைத்தனர். முதலில் பசி, வியர்வை, நடுக்கம், காரணமற்ற அச்சம். பின்னர் மனக்குழப்பம், பேச்சுத் தடுமாற்றம். இறுதியில் வலிப்பும் மயக்கமும். நினைவுள்ளவர்க்கு ஆரஞ்சுப் பழச்சாறு அல்லது சர்க்கரை. நினைவு தப்பியவர்க்கு நரம்பு வழியே குளுக்கோஸ். இம்மருத்துவ முறையின் சாரம் நூறாண்டு கடந்தும் மாறவில்லை.

அக்கால நோயாளிகளுக்கு இது எத்தகைய தலைகீழ் மாற்றம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்சுலினுக்கு முன்பு அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலனின் பட்டினி முறையே வழி. அமெரிக்க வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், அம்முறையில் மூன்றாண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, 1922 ஆகஸ்டில் டொராண்டோ சென்றபோது ஏறத்தாழ 20 கிலோ எடையே இருந்தார். வயது 15ஐ எட்டிக்கொண்டிருந்தது. இன்சுலின் பெற்ற அவர் 1981 வரை வாழ்ந்தார். ஒரு துளி இனிப்பும் நஞ்சு என்று பழக்கப்பட்ட இத்தகையோரிடம்தான், ‘இனிச் சட்டைப்பையில் மிட்டாய் இல்லாமல் வெளியே போகாதே’ என்று மருத்துவம் சொல்ல நேர்ந்தது. அறிவு ஏற்றாலும் அச்சம் எளிதில் ஏற்காது. அந்தத் தயக்கத்தின் எச்சமே இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது.

சர்க்கரை ஏன் இவ்வளவு விரைவில் வேலை செய்கிறது? மூளை நம் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே. ஆனால் ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதன் முதன்மை உணவு குளுக்கோஸ். சேமித்து வைக்க அதற்குப் பெரிய களஞ்சியமும் இல்லை. அன்றாடங்காய்ச்சியின் வீடு போல, வரத்து நின்றால் அடுப்பு அணைந்துவிடும். குளுக்கோஸ் குடலிலிருந்து இரத்தத்திற்குச் செல்லச் சில நிமிடங்கள் போதும்.

காலம் தாழ்த்தினால் என்னாகும் என்பதையும் வரலாறு கொடுமையான முறையில் காட்டியிருக்கிறது. 1930களில் வியன்னாவில் மான்ஃபிரெட் சாகெல் என்பவர், மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே மிகுதியாக இன்சுலின் செலுத்தி, அவர்களை ஆழ்மயக்கத்தில் ஆழ்த்தும் சிகிச்சையைப் பரப்பினார். மூக்கின் வழியே குழாய் இறக்கிச் சர்க்கரைக் கரைசல் ஊற்றி எழுப்புவர். அல்லது நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவர். வாரக்கணக்கில் இது தொடரும். பலர் எழுந்தனர், சிலர் எழவேயில்லை, சிலர் மூளை சிதைந்து எழுந்தனர். 1953இல் ஹெரால்டு போர்ன் என்னும் இளம் மருத்துவர் இச்சிகிச்சையின் அடிப்படையையே மறுத்து எழுதினார். மெல்ல மெல்ல அது வழக்கொழிந்தது. நமக்கு மிஞ்சும் பாடம் இது: சர்க்கரை உயிர்ப்பிக்கும், ஆனால் உரிய நேரத்தில் தந்தால் மட்டுமே.

தாழ் சர்க்கரை ஊசியால் மட்டும் வருவதும் அன்று. 1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் ழான்போன் என்ற மருத்துவர் குடற்காய்ச்சலுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை வீழ்ந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அதன் காரணத்தை ஒகுஸ்த் லூபாத்தியேர் ஆராய்ந்தார். அந்த ஆய்வின் வழியில்தான் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் 1950களில் நீரிழிவு மருந்தாக வந்தன. நம் ஊரில் பலரும் உட்கொள்ளும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு முதலியன இக்குடும்பத்தவையே. ‘நான் ஊசி போடுவதில்லை, மாத்திரைதான்’ என்று கவலையற்றிருப்போர் இப்பிறப்பு வரலாற்றை அறிவது நல்லது. மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஒருமுறை ஏறிய பின்னும் சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கக் கூடும். ஆதலின் மருத்துவரை அணுகியே ஆக வேண்டும்.

சர்க்கரைக்கு மாற்றாக வேறு மருந்து வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. 1923இலேயே அமெரிக்காவின் கிம்பலும் முர்லினும் கணையத்தில் சர்க்கரையை உயர்த்தும் பொருள் ஒன்றைக் கண்டு ‘குளுகாகன்’ எனப் பெயரிட்டனர். ஈரலில் சேமித்திருக்கும் சர்க்கரையை அது வெளிக்கொணரும். நினைவிழந்தவர்க்கு ஊசியாகவும், 2019 முதல் சில நாடுகளில் மூக்கில் செலுத்தும் பொடியாகவும் அது கிடைக்கிறது. விழுங்க இயலாதவர்க்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விலை உலகின் பெரும்பாலான ஏழை நோயாளிகளின் கைக்கு எட்டுவதன்று. விழிப்போடு இருப்பவர்க்கோ அது தேவையுமில்லை. அடுக்களைச் சர்க்கரையே போதும்.

எந்த இனிப்பு, எவ்வளவு? 1990இல் பாரிஸில் ழெரார் ஸ்லாமா குழுவினர் இதை ஒப்பிட்டுப் பார்த்தனர். 15 கிராம் குளுக்கோஸும் அதே அளவு சாதாரணச் சர்க்கரையும், கரைசலானாலும் மாத்திரையானாலும், ஏறத்தாழ ஒரே வேகத்தில் பயன் தந்தன. பழச்சாறு சற்றுப் பிந்தியது. விலை உயர்ந்த மாத்திரைக்கும் மளிகைக்கடைச் சர்க்கரைக்கும் இங்கே பெரிய வேறுபாடு இல்லை என்பது ஏழைக்கு எவ்வளவு ஆறுதல்!

நடைமுறையில் இதைப் ‘பதினைந்து விதி’ என்பர். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் 15 கிராம் இனிப்பு உட்கொள்ள வேண்டும்: மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கலாம், குளுக்கோஸ் பொடி, தேன், அரைக் குவளைப் பழச்சாறு ஆகியனவும் ஆகும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறவில்லையெனில் மறுபடியும் அதே அளவு. ஏறிய பின், அடுத்த வேளை உணவுக்கு நேரமிருந்தால் இட்லியோ ரொட்டியோ உண்ண வேண்டும். அளவி கையில் இல்லையென்றால் குறிகளைக் கண்டதும் இனிப்பைத் தந்துவிடுவதே முறை. தேவையின்றித் தந்த சர்க்கரையால் விளையும் தீங்கு சிறிது, தராமல் விட்டதால் விளைவது பெரிது. சாக்லேட்டும் பால் இனிப்பும் கொழுப்பு மிகுந்தவை, ஆதலால் பிந்தும். சர்க்கரையற்ற ‘டயட்’ பானம் அறவே பயன்படாது. அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை உட்கொள்வோர்க்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகவே செரிக்கும். அவர்கள் குளுக்கோஸையே நாட வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

மருந்து மலிவு, கிடைப்பதும் எளிது. குறைவது அறிந்தாரின் துணிவும் அறியாதாரின் இசைவுமே. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் முதல்வகை நீரிழிவுள்ள மாணவர் தேர்வறைக்குள் இனிப்பும் பழமும் கொண்டு செல்ல 2017இல்தான் இசைந்தது. தேர்வு அறைக் கண்காணிப்பில் ஆண்டுதோறும் நிற்கும் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவன் சட்டைப்பையில் இருக்கும் மிட்டாயை ஐயத்தோடு நோக்குவதுதான் எங்களுக்குப் பழக்கம். அது அவனுடைய மருந்துப் பெட்டி என்று எங்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

வடமொழியில் ‘சர்க்கரா’ என்றால் பருக்கைக் கல். அச்சொல்லே பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா சென்று ‘சுகர்’ ஆயிற்று. உலகெங்கும் பயணம் செய்த அச்சொல்லை நாம் ஒரு நோயின் பெயராகச் சுருக்கிவிட்டோம். பெயர் இனி மாறப்போவதில்லை. ஆனால் நீரிழிவாளர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும், எப்போது சர்க்கரை நஞ்சு, எப்போது அதுவே அமுது என்பதை வீட்டின் கடைக்குட்டி வரை அறிந்திருக்க வேண்டும். டொராண்டோவின் முயல்கள் அன்றே காட்டிச் சென்ற பாடம் அவ்வளவுதான்.