சாரணர் இயக்கமும் காலத்தின் மாறுதலும்: ஓர் ஆய்வு

இளைஞருக்கென ஏற்பட்ட ஸ்தாபனங்களுக்கு ஏனைய ஸ்தாபனங்களுக்கில்லாத ஒரு சங்கடம் உண்டு. அவற்றை நடத்துவோர் ஆண்டுதோறும் முதுமையடைந்துகொண்டே போக, அவற்றில் சேர வருவோர் மட்டும் என்றும் பத்துப் பதினொரு வயதினராகவே இருக்கின்றனர். நடத்துவோர் தாம் சிறுவராயிருந்த நாளில் அனுசரித்த ஆசாரங்களைப் புனிதமெனப் போற்றுவதும், புதிதாக வருவோர்க்கு அவற்றின் பொருள் விளங்காமற் போவதும் இயல்பே. நூறாண்டுக்கு மேலாக நிலைபெற்று, உலகின் மிகப் பெரிய இளைஞர் ஸ்தாபனங்களுள் ஒன்றாக விளங்கும் சாரணர் இயக்கம் இச்சங்கடத்தை எவ்வாறு எதிர்கொண்டது, அதன் சம்பிரதாயங்களில் எவை மாறின, எவை நிலைத்தன, மாறுதலுக்குக் காரணமாயிருந்தோர் யாவர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் அடிப்படை முறையும்

தென்னாப்பிரிக்காவில் 1899-ல் மூண்ட போயர் யுத்தத்தில் மாபெகிங் நகர முற்றுகையைத் தாங்கி நின்று கீர்த்தி பெற்ற பேடன் பவல், அம்முற்றுகைக் காலத்தில் நகரத்துச் சிறுவர்கள் செய்தி கொண்டுசெல்லும் பணியைப் பொறுப்புடன் செய்ததைக் கண்டு வியந்தவர். அதே யுத்தத்திற்கு ஆள் சேர்த்தபோது ஆங்கில நாட்டு இளைஞர் பலர் தேக பலமின்றி நிராகரிக்கப்பட்டமை அந்நாட்டாரிடையே பெருங்கவலையை உண்டாக்கியிருந்தது. கிளாஸ்கோ நகரில் 1883-ல் வில்லியம் ஸ்மித் நிறுவிய ‘பாய்ஸ் பிரிகேட்’ போன்ற அமைப்புகள் சிறுவர்க்கு அணிவகுப்பும் ஒழுங்கும் கற்பித்து வந்தன. பேடன் பவலோ, கட்டளைக்குக் கீழ்ப்படிவதைக் காட்டிலும் பொறுப்பை ஏற்பதே சிறுவனை மனிதனாக்கும் என்னும் அபிப்பிராயம் கொண்டிருந்தார்.

அதனைப் பரீட்சித்துப் பார்க்கும் பொருட்டு, 1907 ஆகஸ்டு மாதத்தில், பூல் துறைமுகத்திலுள்ள பிரௌன்சீ தீவில் சுமார் இருபது சிறுவரைக் கொண்டு அவர் ஒரு முகாம் நடத்தினார். தனவந்தர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக உண்டு ஒன்றாக உறங்கினர். ஓநாய், காளை, காக்கை, கர்லூ என்னும் நீர்ப்பறவை ஆகியவற்றின் பெயரால் அவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஓநாய் அணிக்கு நீலம், காளை அணிக்குப் பச்சை, காக்கை அணிக்குச் சிவப்பு, கர்லூ அணிக்கு மஞ்சள் என ஒவ்வொருவன் தோளிலும் ஒரு வர்ண முடிச்சு அணியப்பட்டது. ஒவ்வோர் அணிக்கும் அச்சிறுவருள்ளேயே ஒருவன் தலைவனாக நியமிக்கப்பட்டு, தன் அணியினரின் நடத்தைக்கும் வேலைக்கும் அவனே பொறுப்பாளியாக்கப்பட்டான். இவ்வணிமுறையே சாரணர் இயக்கத்தின் வித்து. அடுத்த ஆண்டில் ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ என்னும் நூல் சிறு பகுதிகளாக வெளிவந்தபோது, பெரியவர்களின் ஏற்பாட்டுக்குக் காத்திராமல் சிறுவர் தாமாகவே அணி சேர்த்துக்கொண்டதற்கும் இம்முறையின் கவர்ச்சியே காரணமாகும்.

புறத்தே நின்றோர்

பெண்கள் இவ்வியக்கத்தின் ஆரம்பத் திட்டத்தில் இடம்பெறவில்லை. ஆயினும் 1909 செப்டம்பரில் இலண்டன் கிரிஸ்டல் பாலஸில் கூடிய சாரணர் பேரணிக்குச் சில சிறுமியர், தாமும் சாரணரே எனக் கூறிக்கொண்டு வந்து நின்றனர். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுதல் இயலாதாகவே, 1910-ல் பேடன் பவலின் சகோதரி ஆக்னஸின் தலைமையில் சாரணியர்க்கெனத் தனி ஸ்தாபனம் ஏற்பட்டது. தம்பிமாரும் சேர விரும்பியதன் விளைவாக 1916-ல் குருளையர் பிரிவு தோன்றி, கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ கதைகளைத் தன் சம்பிரதாயங்களுக்கு ஆதாரமாகக் கொண்டது. கதவுக்கு வெளியே நின்றவர்கள் தட்டத் தட்டவே இவ்வியக்கம் விரிந்தது என்பதற்கு இவை முதற்சான்றுகள்.

இந்தியாவில் நிகழ்ந்த மாறுதல்

இவ்வுண்மை நம் தேசத்தில் இன்னும் தெளிவாகப் புலனாகிறது. 1909-ல் பெங்களூரில் காப்டன் பேக்கர் தொடங்கிய முதற் சாரணர் படை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவர்க்கு அதில் அனுமதியில்லை. சாரணர் யாவரும் சகோதரர் என்று விதி வகுத்த இயக்கம், தேசத்துக்கு உரியவனையே வாசலில் நிறுத்தியது அதன் வரலாற்றில் மறைக்கவொண்ணாத களங்கம்.

இக்குறையைப் போக்க முன்வந்தோருள், சென்னையில் அருண்டேலின் துணையுடன் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவிய அன்னி பெசண்ட் அம்மையார் முக்கியமானவர். அவருடைய சாரணர் அணிமுறையையும் உறுதிமொழியையும் சேவை இலட்சியத்தையும் கைக்கொண்டனர். ஐரோப்பியத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை தரித்தனர். பாரத நாட்டுப் பாடல்களைப் பாடினர். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாயி ஆகியோர் 1918-ல் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். 1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது பெசண்ட் அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்துடன் இணைந்தது. சேவா சமிதியோ தனித்தே நின்றது. 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாகவே, பிளவு மேலும் உறுதிப்பட்டது.

சுதந்திரத்திற்குப் பின், 1950 நவம்பர் 7-ஆம் நாள் இப்பிரிவுகள் ஒன்றுபட்டுப் பாரத சாரணர் இயக்கமாயின. சாரணியர் 1951 ஆகஸ்டு 15-ல் வந்து சேர்ந்தனர். புதிய ஸ்தாபனத்தின் உறுதிமொழியில் மன்னரின் இடத்தைத் தேசம் பெற்றது. கடவுளுக்கு ஆற்றும் கடமை என்னுமிடத்தில், விரும்புவோர் ‘தர்மம்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்னும் சலுகை அளிக்கப்பட்டது. 1908-ஆம் ஆண்டின் விதி, சாரணன் அரசனுக்கும் அதிகாரிகளுக்கும் எஜமானர்க்கும் விசுவாசமுள்ளவன் என்றது; பாரத சாரணர் விதியோ எஜமானரைக் குறிப்பிடாமல், சாரணன் இயற்கையை நேசிப்பவன், பொதுச் சொத்தைக் காக்க உதவுபவன் என்கிறது. சாம்ராஜ்யத்தின் பிரஜையை உருவாக்க எழுந்த விதி, குடியரசின் பிரஜையை உருவாக்கும் விதியாகத் திருந்திற்று.

பிறந்த நாட்டில் வந்த திருத்தங்கள்

பிரிட்டனில் மாறுதல் மெதுவாகவே வந்தது. பருவ வயதினர் விலகிச் செல்வதைக் கண்ட தலைமைச் சாரணர், ஒரு குழுவை நியமித்து, அதன் அறிக்கையை 1966-ல் வெளியிட்டார். மறு ஆண்டிலேயே ஸ்தாபனத்தின் பெயரிலிருந்து ‘சிறுவர்’ என்னும் அடைமொழி நீங்கியது. அரைக்கால் சட்டைக்குப் பதில் முழுக்கால் சட்டை வந்தது. பத்து விதிகள் ஏழாயின. பழைமையைப் போற்றியோர் இதனைச் சகியாமல் 1970-ல் பேடன் பவலின் பெயரிலேயே ஒரு தனிச் சங்கம் கண்டனர். பெண்களுக்கு 1976-ல் மூத்தோர் பிரிவில் மட்டும் இடம் தரப்பட்டது. 1991-ல் விரும்பிய படைகள் எல்லாப் பிரிவுகளிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டன. எல்லாப் படைகளும் சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும் என்ற நிலை 2007-ல்தான் ஏற்பட்டது. கிரிஸ்டல் பாலஸில் அச்சிறுமியர் கேட்டது முழுமையாகக் கிடைப்பதற்கு ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. தெய்வ நம்பிக்கை இல்லாதோர்க்கு மாற்று உறுதிமொழி வழங்கும் தீர்மானம் 2013-ல் வந்தது. இந்தியச் சாரணர் இயக்கம் ‘தர்மம்’ என்னும் மாற்றை முன்பே அனுமதித்திருந்ததை நோக்க, பிறந்த இடத்தைவிடப் புகுந்த இடத்தில் ஒரு மரபு விசாலமடையக்கூடும் என்பது பெறப்படுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு முடிவுகள் துணியப்படும். முதலாவது, உடை, பாட்டு, விதிகளின் எண்ணிக்கை, விசுவாசத்துக்குரியவர் யார் என்பது ஆகிய யாவும் மாறியும் இயக்கம் அழியவில்லை. ஏழெட்டுப் பேர் கொண்ட சிற்றணியும், தங்களுள் ஒருவனைத் தலைவனாகக் கொண்டு சிறுவர் தாமே பொறுப்பேற்கும் முறையும், திறந்தவெளி வாழ்வும், பிறர்க்குதவும் விரதமும் எல்லா மாறுதலிலும் நிலைத்தன. ஆகவே இவையே அதன் சாரம். இரண்டாவது, எது சாரம் எது ஆடை என்பதைப் பிரித்துக் காட்டியோர் பெரும்பாலும் உள்ளே அமர்ந்திருந்த அதிகாரிகளல்லர். உள்ளே வர உரிமை கேட்டோரே.

இன்று நம் பள்ளிகள் பலவற்றில் சாரணரைச் சுதந்திர தின அணிவகுப்பிலும், விழாவுக்கு வரும் பிரமுகரை வரவேற்கும் வரிசையிலும் மட்டுமே காண்கிறோம். ஆடை மிஞ்சி, சாரம் குறைந்த நிலை இது. ஆசிரியர்கள் தம் படையில் அணிமுறைக்கு மீண்டும் உயிரளிக்க வேண்டும். முகாமுக்குச் செல்லும் இடத்தையும், சமைக்கும் உணவையும், செய்யும் சேவையையும் அணித்தலைவனும் அவன் தோழரும் கூடித் தீர்மானிக்க விடவேண்டும். தவறினால் அவர்களே திருத்திக்கொள்ளப் பொறுத்திருக்கவும் வேண்டும். பேடன் பவலுக்கும் பெசண்ட் அம்மையாருக்கும் பொதுவாயிருந்த நம்பிக்கை அதுவே. அதனைக் காப்பதே மரபைக் காப்பதாகும்.