வளவு வெள்ளமும் தோணாவும்: கல்முனைக் கரையில் மழைநீர் வடிந்த கதை

கல்முனைக் கரையோர ஊர்களின் வரலாறு பேசப்படும்போது பள்ளிவாசல்கள், குடிவழிகள், மருதமுனை நெசவு என்பன தவறாது இடம்பெறும். வளவில் விழுந்த மழைநீர் எவ்வழியாகக் கடலைச் சேர்ந்தது என்பது மட்டும் பேசப்படுவதில்லை. மாரி பிறந்ததும் முற்றத்தில் முழங்காலளவு தண்ணீருடன் விழித்தெழும் நமக்கு அதுவும் வரலாறே.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தொடரும் இவ்வூர்கள், கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்திடலில் அமைந்தவை. கிழக்கே வங்கக் கடல்; மேற்கே கரைவாகு வயற்பரப்பு. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடு கொட்டித் தீர்த்துவிடும்.

அன்றைய வளவே ஒரு வடிகால் எனலாம். முற்றம் மணல், அது தண்ணீரைக் குடித்தது. வளவைச் சூழ்ந்தது கிடுகு வேலி; அது ஆளை மறித்ததேயன்றி வெள்ளத்தை மறிக்கவில்லை. மணல் குடித்து மிஞ்சிய நீர் வேலிக்கு வேலி ஊர்ந்து பள்ளத்தை நாடியது. அப்பள்ளத்தின் பெயர்தான் தோணா.

தோணா என்ற சொல் வெளியூர் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஊரின் நடுவிலோ விளிம்பிலோ கிடந்து, வயல்நீரையும் தெருநீரையும் தாங்கிக் கடலுக்கு இட்டுச் செல்லும் இயற்கை ஓடையை இப்பகுதியில் அவ்வாறு அழைப்பர். கோடையில் அதன் வாயை அலை மணலிட்டு மூடிவிடும். மாரி வெள்ளம் ஏறியதும் அதனை வெட்டித் திறந்துவிட வேண்டும். சாய்ந்தமருதுத் தோணா இவற்றுள் பெயர் பெற்றது. அண்மைய தசாப்தங்களில் அது குப்பைக்கும் கழிவுநீருக்கும் பெயர் பெற்றதாக மாறியதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் குலையவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தை எழுப்பியது. வயல்களுக்கு நீர் வந்தது. அதே வேளை, அணை நிரம்பி வான்கதவுகள் திறக்கப்படும் நாட்களில் மேட்டு நிலத்து வெள்ளமும் நம் பக்கம் வந்தது. கிட்டங்கியிலும் மாவடிப்பள்ளியிலும் வீதி மூழ்குவது மாரிக்கால வழக்கமாயிற்று. பின்னர் வளவுகள் சீதனத்துக்காகத் துண்டாடப்பட்டன. வேலி மதிலாயிற்று, மணல் முற்றம் சீமெந்தாயிற்று. வீதியைப் புனரமைக்கும் போதெல்லாம் அதன் மட்டம் உயர, ஓரத்துப் பழைய வீடுகள் பள்ளத்தில் அமிழ்ந்தன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன்பின் கிழக்குக் கரையில் இருநூறு மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என அரசு அறிவித்தது. இவ்வெல்லை பிற்பாடு தளர்த்தப்பட்டது. காணி நெருக்கடி மிக்க நம் ஊர்களில், கடலோரத்தை இழந்தவர் மேற்கேயன்றி எங்கே செல்வார்? அங்கிருந்ததோ வயலும் சதுப்பும். மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டினர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. மாற்றுக் காணி கொடுக்காதவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நிரப்பப்பட்ட ஒவ்வொரு துண்டும் முன்பு வெள்ளம் தங்கிய இடமாகும்.

இவ்விடத்தில்தான் இன்றைய பரிகாரம் வருகின்றது. முற்றத்தின் தாழ்ந்த மூலையில் கம்பிச்சட்டம் மூடிய சிறு தொட்டி. அதன் பக்கத்திலிருந்து வீதிக் கானுக்கு ஒரு பீ.வி.சி. குழாய். பொறியியலாளர் ‘கெட்ச் பிட்’ என்பர். நாம் வண்டற்குழி எனலாம். புதுமையன்று. 1922 முதல் அகழப்பட்ட மொகஞ்சதாரோவிலேயே, வீட்டு நீர் தெருக்கானுடன் கலக்குமுன் அழுக்குப் படியச் செங்கற் குழிகள் இருந்தன. சூத்திரம் அன்றும் இன்றும் ஒன்றே: குழாயின் வாய் தொட்டியின் அடியில் இராது, சற்று மேலே இருக்கும். மணலும் இலையும் அடியில் தங்க, தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். அடியில் தங்கியதை அள்ளாவிட்டால் ஓரிரு மாரியில் குழாயும் அடைபடும்.

நம் மண்ணில் இதற்கு வேறு சிக்கல்களும் உள்ளன. நிலம் தட்டையானது, நூறு அடிக்கு ஓரடிச் சரிவு கிடைப்பதே அரிது. கடும் மாரியில் நிலத்தடி நீர் கிணற்று விளிம்பை எட்டிப்பார்க்கும். அப்போது குழிநீர் மண்ணில் சுவறாது. மழை விட்ட பின்னும் தொட்டியடியில் நீர் நின்றால் டெங்கு நுளம்புக்கு அதுவே தொட்டில். ஆகவே அடியைச் சீமெந்தால் மூடாது சல்லி பரப்பி விடுவது நன்று. கோடை மழையிலாவது நீர் கீழிறங்கும். மலசலகூடக் குழியுடன் இதனை இணைப்பது, அயலவரின் கிணற்றைக் கெடுப்பதாகும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், குழாயின் மறுமுனை. வீதிக் கான் நிரம்பியிருந்தால் வளவு நீர் வெளியேறாது. கான் நீர்தான் வளவுக்குள் வரும். அயல்வீட்டாருடன் மதிலோரம் எழும் மாரிக்காலச் சச்சரவுகள் பலவற்றின் மூலம் இதுவே. கான் தோணாவில் சேர வேண்டும்; தோணா கடலில் சேர வேண்டும். நாற்பது பேர்ச் வளவில் நாற்பதாயிரம் ரூபாய் செலவிட்டு அமைத்த குழாயும், தோணாவின் வாய் மணலால் மூடிக் கிடந்தால் பயனற்றது. ஆயினும் 2001இல் மாநகர சபையான கல்முனையில் கொங்கிறீற்றுக் கான்கள் பல, எங்கே முடிகின்றன என்ற கேள்விக்கு விடையில்லாமலே கட்டப்பட்டுள்ளன.

1957 டிசம்பர், 2011 ஜனவரி என வெள்ள ஆண்டுகளை மூத்தோர் இன்றும் எண்ணிச் சொல்வர். 2024 நவம்பர் இறுதியில் மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு, சிறுவர்கள் உயிரிழந்தனர். அன்று சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் வீடுகளின் முற்றங்களில் நின்றதும், அந்த வீதியை ஊடறுத்துப் பாய்ந்ததும், கடலுக்கு வழிதேடிய ஒரே மாரியின் தண்ணீர்.