மதிலுக்குப் பலகை இருக்கு, மனுசருக்கு?

போன வாரம் எங்க வயலில் நடவு. தாம்பரத்துக்குக் கிழக்கே, பிளாட்டுக் கல் நட்ட நிலங்களுக்கு நடுவுல இன்னும் நெல் போடுகிற சிலரில் நானும் ஒருத்தன். ரோட்டோரம் ஒரு கார் நின்றது. இறங்கின ரெண்டு பிள்ளைங்க வரப்புல நின்னு செல்போனில் படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல பிள்ளைங்கதான். கேட்டுட்டு எடுக்கணும்னு தோணலை, அவ்வளவுதான். நடவு ஆட்களில் மூத்த அம்மா முந்தானையால் முகத்தை மறைச்சுக்கிட்டு, "ஏம்பா, சேத்துல நிக்கறவள எடுத்து எங்க ஒட்டப் போற?"ன்னாங்க. பிள்ளைங்களுக்குப் பதில் வரலை. எனக்கும்தான்.

நான் தினமும் விமானப்படைத் தளத்து மதிலை ஒட்டித்தான் வயலுக்குப் போறேன். 'படம் எடுக்கத் தடை' என்ற பலகையைச் சின்ன வயசிலிருந்தே படிச்சு வளர்ந்தவன். அதற்குப் பின்னால் இருப்பது 1923-ல் வெள்ளைக்காரர் போட்ட அலுவலக ரகசியச் சட்டம். நாட்டின் பாதுகாப்புக்குக் கேடாகத் தடை செய்யப்பட்ட இடத்தை வரைவது அதில் குற்றம். வரைபடம் என்ற சொல்லுக்குள் போட்டோவும் அடங்கும்னு சட்டமே சொல்லுது. இந்தப் பக்கம் மீனம்பாக்கத்துக்கு 1937-ம் வருச விமான விதிகள். பயணிகள் விமானத்துக்குள் படம் எடுத்துக்கலாம்னு 2020-ல் விளக்கம் கொடுத்தாங்க.

கோயில் கதை வேற. 2018-ல் மத்தியத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் உள்ள சின்னங்களில், மூணு இடம் தவிர, படம் எடுக்க இருந்த தடையைத் தளர்த்தியது. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, திருச்செந்தூர் வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொன்னது. கல்லுக்கும் சாமிக்கும் இப்படிக் காவல் உண்டு. மனுசருக்கு?

எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1885-லிருந்து எழும்பூர் மியூசியத்துக்குத் தலைவர். தென்னிந்திய சாதிகள் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதற்காக ஊர் ஊராகப் போய் ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்து படமும் பிடித்தார். நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களும் அந்தப் புத்தகத்தில் உண்டு. வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களைப் பாடம் பண்ணி மியூசியத்தில் வைக்கப் போறார்னு பயந்து ஓடினதை அவரே வேடிக்கையா எழுதியிருக்கார். எனக்குச் சிரிப்பு வரலை. பஞ்சு அடைக்காட்டியும், மாதிரிப் பொருளாகத்தானே அச்சில் ஏறினாங்க?

எங்க ஆயாவும் அப்படித்தான். படம் புடிச்சா ஆயுசு குறையும்னு கடைசிவரைக்கும் கேமரா முன்னாடி நிக்கலை. செத்த அன்னிக்கு, நாற்காலியில் உட்கார வெச்சு, நெத்தியில் காசு ஒட்டி, தாம்பரத்திலிருந்து போட்டோக்காரரை வரவழைச்சு எடுத்தோம். அவங்களால வேணாம்னு சொல்ல முடியாத ஒரே படம். அதுதான் இன்னிக்கும் எங்க கூடத்துல மாட்டியிருக்கு.

ஜெர்மனியில் 1898-ல் பிஸ்மார்க் இறந்த ராத்திரி, ரெண்டு போட்டோக்காரர்கள் திருட்டுத்தனமா உள்ளே புகுந்து பிணத்தைப் படம் எடுத்தாங்க. விசயம் கோர்ட்டுக்குப் போச்சு. அந்தக் கொந்தளிப்பின் விளைவாக 1907-ல் ஒரு சட்டம் வந்தது: ஒருத்தர் படத்தை வெளியிடணும்னா, சில விலக்குகள் தவிர, அவர் சம்மதம் வேணும். அதைப் படிச்சப்போ ஆயா ஞாபகம்தான் வந்துச்சு. நம்ம நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-ல் உச்சநீதிமன்றம் சொல்லியாச்சு. ஆனா வயலில் நிற்கிறவரைக் கேட்காமல் எடுக்காதேன்னு தனிச் சட்டம் எதுவும் இல்லை.

அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, அந்த அம்மாவே ஒரு வழி சொன்னாங்க. "இரு, கரையேறி கை கால் கழுவிட்டு வரேன். அப்ப எடு. ஆனா ஒரு காப்பி கொண்டாந்து குடுக்கணும்." எல்லாரும் பம்ப்செட்டில் முகம் கழுவி, தலையைக் கோதி, வரிசையா நின்னாங்க. அப்போ அவங்க முகத்துல இருந்த தோரணையைச் சேத்துல நிக்கும்போது யாராலும் எடுத்திருக்க முடியாது. பிள்ளைங்க என் நம்பரை வாங்கிட்டுப் போனாங்க.

இன்னிக்குக் களை பார்க்க வந்தப்பவும் அந்த அம்மா கேட்டாங்க, "தம்பி, படம் வந்துச்சா?"

இதைப் படிக்கிறது அந்தப் பிள்ளைங்களா இருந்தா, அனுப்பிடுங்கப்பா. மத்தவங்க அடுத்த தடவை வரப்புல நிக்கும்போது, எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க.