உறைமேல் எழுதிய சொல்
டாம்பன் வரலாறு தரும் பாடம்

அளவு வரையறுக்கப்படாத ஒரு சொல் உயிருக்கே கேடு சூழக்கூடும் என்பதற்கு, அமெரிக்க நாட்டில் 1980ஆம் ஆண்டு நேர்ந்த துயரம் சான்றாகும். மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் உட்செலுத்திப் பயன்படுத்தும் 'டாம்பன்' என்னும் பஞ்சுச் சுருளைப் பற்றியது அது. நாணம் கருதிப் பலரும் பேசாது விடும் பொருளாயினும், பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

கொலராடோ மாநிலத்து மருத்துவர் எர்ல் ஹாஸ், அட்டைக் குழலின் துணையால் உட்செலுத்தத்தக்க டாம்பனை அமைத்து, 1933இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையைக் கெர்ட்ரூட் டெண்ட்ரிச் என்னும் அம்மையார் விலைக்கு வாங்கி, 'டாம்பாக்ஸ்' என்னும் பெயரால் வணிகத்தை வளர்த்தார். அந்நாளைய டாம்பன் பருத்தியால் ஆனது.

1970களில் வணிகப் போட்டி மிகுந்தது. பருத்தியினும் மிகுதியாக உறிஞ்சும் செயற்கைப் பொருள்கள் இடம்பெற்றன. புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 'ரிலை' என்னும் டாம்பனில் பாலியெஸ்டர் நுரைத் துண்டுகளையும் உறிஞ்சுதிறன் மிக்க செல்லுலோசுப் பொருளையும் சேர்த்தது. அடிக்கடி மாற்ற வேண்டாமை அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. அச்சிறப்பே தீங்காய் முடிந்தது.

1978இல் டென்வர் நகரக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டாடும் அவர்தம் குழுவினரும், சிறுவர் சிறுமியர் எழுவரிடம் கண்ட கொடிய நோய்க்கு 'நச்சு அதிர்ச்சி நோய்' எனப் பெயரிட்டனர். ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் நுண்கிருமி வகையின் நச்சே அதற்குக் காரணம். 1980 மே திங்களில் இந்நோயாளர் 55 பேரைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நோய் தொடங்கிய காலமோ பெரிதும் மாதவிடாய்க் காலம். மேலும் ஆராய்ந்தபொழுது, 'ரிலை'யைப் பயன்படுத்தியோரே மிகுதியாக நோயுற்றமை புலனாயிற்று. செப்டம்பர் 22ஆம் நாள் அந்நிறுவனம் அதனைக் கடைகளினின்று மீட்டுக்கொண்டது. ஆயினும் பிற டாம்பன்களைப் பயன்படுத்தியோரும் நோயுற்றனர். எப்பெயர் கொண்டதாயினும், உறிஞ்சும் திறன் மிகுந்தோறும் இடரும் மிகும் என்பதே ஆய்வில் தெளிவான உண்மை.

ஈண்டுதான் சொற்சிக்கல் எழுந்தது. உறையின்மேல் 'ரெகுலர்', 'சூப்பர்' என எழுதியிருந்தன. ஆனால் ஒரு நிறுவனத்தின் 'ரெகுலர்' மற்றொன்றின் 'சூப்பரை'க் காட்டிலும் மிகுதியாக உறிஞ்சுதலும் கூடும். குறைந்த திறனுடையதைத் தேர்ந்தெடுக்க விரும்பிய பெண்ணுக்கு அச்சொற்கள் வழிகாட்டவில்லை. பாஸ்டன் நகரின் எஸ்தர் ரோம் முதலிய பெண்மணிகள் பொது அளவு வேண்டுமென விடாது வாதாடினர். அரசு 1989இல் விதி வகுத்தது. 1990இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி 6 முதல் 9 கிராம் வரை உறிஞ்சுவது 'ரெகுலர்'. 9 முதல் 12 வரை 'சூப்பர்'. துயரம் நேர்ந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே சொல்லுக்கு நிலையான பொருள் கிட்டியது.

அவ்வரலாற்றின் பயனாக விளைந்த நெறிகள் எளியன. கைகளைக் கழுவிய பின்னரே டாம்பனைத் தொடுதல் வேண்டும். போக்கிற்குப் போதுமான மிகக் குறைந்த திறனுடையதையே தேர்தல் வேண்டும். நான்கு முதல் எட்டு மணி நேரத்திற்குள் மாற்றுதல் வேண்டும். எட்டு மணி நேரத்தைக் கடத்தல் ஆகாது. மாதவிடாய் இல்லாத நாளில் அணிதலும் தகாது. திடீர்க் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம், வெயிலில் வெந்தாற்போன்ற தோற்சிவப்பு ஆகியவை தோன்றின், உடனே அதனை அகற்றி மருத்துவரை நாடி, டாம்பன் அணிந்திருந்ததை மறையாது கூறுதல் வேண்டும். இந்நோய் அரிதே, எனினும் தோன்றின் விரைந்து முற்றுவது.

உறையின்மேல் இன்று எண்ணும் எழுத்தும் உள்ளன. அவற்றின் பொருளை நாணமின்றிச் சிறுமிக்கு எடுத்துரைத்தல் தாய்க்கும் ஆசிரியைக்கும் உரிய கடனாகும்.