ஃபாஸ்டா தலைப்பு வரித் திருத்தம்

டிஎன்ஏ, புரத வரிசைகளைச் சேமிக்கும் ஃபாஸ்டா கோப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே > குறியோடு ஒரு பெயர் வரி இருக்கும். அந்த வரியை செட், ஆக் போன்ற கட்டளைவரிக் கருவிகளைக் கொண்டு வெட்டியும் மாற்றியும் எழுதுவதே இந்த வேலை.

கோப்பைவிடக் கருவிகளுக்கு வயது அதிகம். கென் தாம்சனின் கிரெப், லீ மக்மேனின் செட் இரண்டும் 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்தவை. ஆக் வந்தது 1977இல். அப்போது அங்கே யாரும் மரபணுவை நினைத்திருக்க மாட்டார்கள். டேவிட் லிப்மனும் வில்லியம் பியர்சனும் புரதங்களை ஒப்பிட ஃபாஸ்ட்பி என்ற நிரலை 1985இல் வெளியிட்டார்கள். 1988இல் அது ஃபாஸ்டா ஆனது. இன்று அந்த நிரலை ஓட்டுபவர்கள் குறைவு. அதற்காக வகுத்த கோப்பு வடிவம்தான் உலகெங்கும் புழங்குகிறது.

பெயர் வரியில் என்ன எழுத வேண்டும் என்று அந்த வடிவம் கறாராகச் சொல்லவில்லை. வம்பு அங்கேதான் தொடங்கியது. யூனிபுராட் தளத்தில் மனித ஹீமோகுளோபின் ஆல்ஃபாவை எடுத்தால் இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே பி69905 என்ற எண், பிறகு புரதத்தின் பெயர், உயிரினம், அதன் வகைப்பாட்டு எண் 9606 என வால் நீள்கிறது. அமெரிக்காவின் என்சிபிஐ பல ஆண்டுகள் ஜிஐ என்ற அடையாள எண்ணை முதலில் போட்டுவந்தது. 2016இல் அதை எடுத்துவிட்டது. 'கோடுகளில் வெட்டி நான்காவது துண்டை எடு' என்று எழுதிவைத்த ஸ்கிரிப்டுகளுக்கு அதன்பின் நான்காவது துண்டே இல்லை.

படிக்கும் நிரல்களும் லேசுப்பட்டவை அல்ல. பல நிரல்கள் முதல் இடைவெளி வரைதான் பெயராக எடுத்துக்கொள்ளும். பரிணாம மரம் வரையும் ஃபைலிப்பின் பழைய வடிவத்தில் பெயருக்குப் 10 இடமே உண்டு. அரபிடாப்சிஸ் என்ற செடிப் பேரினத்தை ஆங்கிலத்தில் எழுத 11 எழுத்து வேண்டும். அதனால் அதன் இனங்களான தாலியானாவும் லைராட்டாவும் வெட்டுப்பட்டபின் ஒரே பெயரில் நிற்கும்!

இடைவெளிக்குப் பின் உள்ளதை நீக்க செட்டில் ஒரு வரி போதும். ஆனால் பெயருக்குள் எழுத்தை மாற்றும்போது '> இல் தொடங்கும் வரியில் மட்டும்' என்று கட்டவேண்டும். விட்டால் கீழே உள்ள டிஎன்ஏ எழுத்துகளும் சேர்ந்தே மாறும். அதைவிடக் கொடுமை, கிரெப்பில் > குறியை மேற்கோளுக்குள் வைக்காமல் வரிசைகளை எண்ணப் போவது. கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்கு அந்தக் குறி 'வெளியீட்டை இந்தக் கோப்பில் எழுது' என்ற கட்டளை. எண்ணிக்கை கிடைக்காது, கோப்பு காலியாகிவிடும்.

2016இல் வந்த சீக்கிட் போன்ற தனிக் கருவிகள் பெயரையும் வரிசையையும் பிரித்தறிகின்றன. அனுபவசாலிகள் ஆக்கைக் கொண்டு எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு, பழைய பெயரையும் புதிய எண்ணையும் டேப் இட்டுத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்கிறார்கள். மரம் வரைந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்தே உயிரினங்களின் பெயர்களைத் திரும்ப ஒட்டுகிறார்கள்.