முடிவெடுக்காத வாக்காளர்

முடிவெடுக்காத வாக்காளர் என்போர் தேர்தல் நாள் நெருங்கிய பின்னரும் எவருக்கு வாக்களிப்பது எனத் தீர்மானிக்காதவர்கள் ஆவர். ஐக்கிய அமெரிக்க அதிபர் தேர்தல்களில் இவர்கள் சிறுபான்மையினரே எனினும், போட்டி கடுமையான மாநிலங்களில் முடிவை மாற்றக்கூடியவர்கள்.

1940 தேர்தலின்போது பால் லாசர்சுபெல்டு குழுவினர் ஒகையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் ஒரே வாக்காளர்களை மே முதல் நவம்பர் வரை பலமுறை நேர்கண்டனர். சமயம், வருவாய், குடும்பம் ஆகியன ஒருவரை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும்போது அவர் முடிவைத் தள்ளிப்போடுகிறார் எனக் கண்டனர். எடுத்துக்காட்டாக, செல்வமிக்க கத்தோலிக்கரை வருவாய் குடியரசுக் கட்சிப் பக்கமும் சமயம் சனநாயகக் கட்சிப் பக்கமும் இழுத்தன. தேர்தலில் ஆர்வமின்மை மற்றொரு காரணம். ஆகவே இவர்களை, அனைத்தையும் எடைபோட்டுக் காத்திருக்கும் நடுநிலையாளர் எனக் கருதுவது பெரும்பாலும் பொருந்தாது.

2016 இல் விசுக்கொன்சினில் இறுதி வாரத்தில் முடிவெடுத்தோரில் கூடுதலானோர் டொனால்ட் டிரம்பை ஆதரித்தனர். அங்கு கருத்துக்கணிப்புகள் பொய்த்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.