கீறல் தாங்கும் மேற்பூச்சுகள்

கைப்பேசி, மடிக்கணினி, கைக்கடிகாரம் போன்றவற்றின் திரையிலும் கேமரா வில்லையிலும் உடற்பகுதியிலும் உரசல் தடம் விழாமல் இருக்கப் படியவைக்கப்படும் மெல்லிய கடினப் படலமே கீறல் தாங்கும் மேற்பூச்சு. படலம் எதுவும் பூசாமல் கண்ணாடியின் மேற்பரப்பையே உறுதியாக்கும் முறையும் உண்டு. கடையில் ‘டெம்பர்’ என்று கேட்டு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியும், ‘கொரில்லா’ என்று பெயர் பெற்ற திரைக் கண்ணாடியும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

திரைக்கு உண்மையான பகை மணல். ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரம் 10, நீலக்கல் 9, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. கைப்பேசிக் கண்ணாடி 6-ஐ ஒட்டி நிற்கிறது. அன்றாடம் புழங்கும் உலோகங்கள் பெரும்பாலும் அதைவிட மென்மையானவை, செம்பு 3 அளவில்தான் இருக்கிறது. சட்டைப்பையில் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயமோ, திண்டுக்கல் பூட்டின் சாவியோ உரசினால் கண்ணாடியில் பெரும்பாலும் உலோகத் தடம் மட்டுமே படியும், துடைத்தால் போய்விடும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குமிடத்துப் புழுதி அப்படியல்ல. இப்பகுதிச் செம்மண்ணில் குவார்ட்ஸ் துகள் நிறையக் கலந்திருக்கிறது. ஆடிக்காற்றில் அது திரையில் படியும்போது கெடுதல் இல்லை. தோளில் கிடக்கும் துண்டால் அழுத்தித் துடைக்கும் அந்த நொடியில்தான் மணல் கண்ணாடியை அறுக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் இப்படி வந்தவை.

ஒட்டுக் கண்ணாடி விற்கும் உறையின் மேல் அச்சிடப்படும் ‘9எச்’ என்ற குறி வாங்குபவரைத் தவறாக நம்ப வைக்கிறது. விற்பவர்களே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது மோஸ் வரிசையின் 9 அல்ல. பெயின்ட் படலங்களைச் சோதிக்க ஏற்பட்ட பென்சில் சோதனையின் மிகக் கடினமான பென்சில் எண் அது. 9எச் பென்சிலால் கீறல் விழாத கண்ணாடியில் மணல் தாராளமாகக் கீறும்.

திரைக் கண்ணாடியை உறுதியாக்குவது அயனிப் பரிமாற்றம். சோடியம் கலந்த அலுமினோசிலிக்கேட் கண்ணாடியைச் சுமார் 400 பாகை செல்சியஸில் உருகிய பொட்டாசிய உப்பில் மூழ்கடிக்கிறார்கள். மேற்பரப்பிலிருந்து சோடியம் அயனிகள் வெளியேற, ஆரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பெரிய பொட்டாசியம் அயனிகள் அவ்விடத்தில் நுழைகின்றன. தக்காளிப் பெட்டியில் சிறு பழங்களை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய பழங்களைத் திணித்தது போல மேலடுக்கு இறுகி நிற்கும். நுண்ணிய கீறல் விழுந்தாலும் அந்த இறுக்கம் அதை விரியவிடாது. ஆகவே இம்முறை கீறலைத் தடுப்பதைவிட, கீறல் விரிசலாக மாறுவதையே அதிகம் தடுக்கிறது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960-களில் உருவாக்கிய இவ்வகைக் கண்ணாடிக்கு அப்போது போதிய சந்தை அமையவில்லை. 2007-இல் ஐபோன் வந்தபோதுதான் அந்த ஆய்வுக்கு வாழ்வு கிடைத்தது.

அசல் பூச்சுகள் பல வகை. வைரத்தை ஒத்த கார்பன் படலத்தை ஐசன்பெர்க், சாபோ இருவரும் 1971-இல் அயனிக் கற்றை கொண்டு படியவைத்துக் காட்டினர். கருநிறச் சாயல் கொண்டதால் இது திரைக்கு ஒத்துவராது. கடிகார உடலுக்குப் பொருந்தும். ஒளி ஊடுருவ வேண்டிய இடத்துக்கென கார்னிங் 2018-இல் கடிகாரங்களுக்கும் 2021-இல் கைப்பேசிக் கேமராவுக்கும், ஒளித்தெறிப்பைக் குறைத்துக் கீறலையும் தாங்கும் மேலடுக்குக் கொண்ட கண்ணாடிகளை அறிமுகப்படுத்தியது. திரையின் மேல் விரல் வழுக்கிச் செல்வதற்குக் காரணம் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஃபுளோரின் சேர்மப் படலம். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் காக்கும் இது, விரல் உரச உரசத் தேய்ந்துபோகும். நீலக்கல்லையே முழுத் திரையாக்கும் முயற்சி வெற்றி பெறவில்லை. ஆப்பிளுக்காக நீலக்கல் தயாரிக்க ஒப்பந்தம் செய்த ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் 2014 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. இன்று நீலக்கல் கேமரா மூடியிலும் கடிகாரத்திலும் மட்டும் நிலைத்திருக்கிறது.

அலுமினிய உடலுக்கு ஆனோடைசிங் செய்கிறார்கள். அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி, உலோகத்தின் மேலேயே ஆக்சைடு அடுக்கை வளர்க்கும் முறை இது. இத்துறையில் தமிழ்நாட்டின் மூத்த ஆய்வு மையம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரு வள்ளலின் கொடை உலோகப் பூச்சு அறிவியலுக்கு இடம் தந்தது என்பது தமிழ்நாடு பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி. ஐபோனின் உடற்கூடுகள் இன்று ஓசூர்ப் பகுதியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் உருவாகின்றன. பிளாஸ்டிக் பாகங்களுக்குப் புறஊதா ஒளியில் இறுகும் அக்ரிலேட் பூச்சோ, சிலிக்கான் சேர்மப் பூச்சோ பயன்படுகிறது.

கார்னிங்கும் ஆப்டீமஸ் நிறுவனமும் திரைக் கண்ணாடிக்காகக் கூட்டாகத் தொடங்கிய பாரத் இன்னோவேஷன் கிளாஸ் டெக்னாலஜிஸ், 2024 ஜனவரியில் சென்னை உலக முதலீட்டாளர் மாநாட்டில் 1,003 கோடி ரூபாய் முதலீட்டுக்கும் 840 பேருக்கான வேலைக்கும் ஒப்பந்தம் செய்தது. ஆலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம்.

ஒட்டுக் கண்ணாடி தன்மேல் கீறலை வாங்கிக்கொண்டு திரையைக் காக்கிறது, சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அதைக் கழற்றி மாற்றுவது எளிது. புழுதியில் வேலை செய்வோர் திரையைத் துடைக்கும் முன் ஊதியோ தட்டியோ மணலை உதிர்த்துவிட்டு, ஈரம் தொட்ட மெல்லிய துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுப்பது நல்லது.